மண்கட்டிக்குள் ஆவி

இடம் வாங்க வருகிறவர்கள் அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மண்ணுக்குள்ள எவ்வளவு இருக்கு?" அவர் பதிலுக்கு, "எந்த மண்ணுக்குள்ள?" என்று கேட்பார். காசு கொடுத்து ஆள் வைத்தவர்களுக்கு இந்தப் பதில் கேள்வி பிடிப்பதில்லை.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவர். படித்தது நிலவியல். பிழைப்பு கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா பள்ளத்தாக்கில், அதாவது சிலிக்கான் பள்ளத்தாக்கில். அங்கே சிப்பு செய்யப் போன தமிழர்கள் ஏராளம். அந்தச் சிப்பு ஆலைகள் காலி செய்துவிட்டுப் போன மனைகளின் அடியில், மண்ணுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி அளந்து சம்பாதிப்பவர்கள் சொற்பம். அவர் அந்தச் சொற்பத்தில் ஒருவர். ஓய்வை நெருங்கிவிட்ட வயதில் களவேலையைப் பெரும்பாலும் இளையவர்களிடம் விட்டுவிட்டார். துளையிட்டு முழுசாக உருவி எடுத்த மண்ணுருளைக்கு 'கோர்' என்று பெயர். அந்தக் கோர் பெட்டியைத் திறக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார்.

இந்தத் தொழில் அங்கே உருவானதற்குக் காரணம் நிலத்தடித் தொட்டிகள். 1960களிலும் 70களிலும் சிலிக்கான் தகடுகளைத் துடைக்கவும் உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும் டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் பீப்பாய் பீப்பாயாகச் செலவாயின. பயன்படுத்தியதைத் தரைக்கடியில் இருந்த தொட்டிகளில் ஊற்றி வைத்தார்கள். 1981 கடைசியில் சான் ஹோசேயில் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் தொட்டி ஒன்று கசிந்திருப்பது தெரிந்தது. கரைப்பான் அக்கம்பக்கத்துக் குடிநீர்க் கிணறு வரை போயிருந்தது. அதன்பிறகு தோண்டிய இடமெல்லாம் கசிவு. அமெரிக்க அரசு மிக மோசமாக மாசுபட்ட மனைகளுக்கு 'சூப்பர்ஃபண்ட்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சாண்டா கிளாரா மாவட்டத்திலிருந்து 23 மனைகள் இடம்பிடித்தன. நாட்டில் வேறெந்த மாவட்டத்துக்கும் அந்த எண்ணிக்கை கிடையாது.

ஆரம்பத்தில் எல்லோருடைய கவலையும் தண்ணீரைப் பற்றித்தான். கரைப்பான் ஆவியாகி மேலேயும் வரும், தளத்தின் விரிசல் வழியாக வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் நுழையும் என்பது உறைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அது உறைத்த பிறகு மண்காற்றை அளக்கும் வேலை பெருகியது. இரும்புக் குழாயை அடித்து இறக்கி, முனையில் ஒரு மெல்லிய குழல் வைத்து, மேலே பென்டனைட் களியால் அடைத்து, உள்காற்றை மெதுவாக எஃகுக் கேனிஸ்டரில் இழுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஒரு வாரத்தில் எண் வந்துவிடும். அந்த எண்ணை அவர் நம்பாமல் இல்லை. மண்ணைப் பார்க்காமல் அந்த எண்ணை மட்டும் படிக்கிறவர்களைத்தான் நம்ப மாட்டார்.

காரணத்தை அவர் புதியவர்களுக்கு வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம். மண் என்பது துகள், நீர், காற்று மூன்றும் கலந்தது. உள்ளே வந்த ஆவி மூன்றிலும் பங்கு பிரிந்துகொள்ளும். கொஞ்சம் காற்றில் அலையும், கொஞ்சம் ஈரத்தில் கரையும், மீதி துகளில் பிடிபடும். மக்கிய பொருள் மிகக் குறைந்த மணலை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், உள்ளே இருக்கும் டிரைகுளோரோஎத்திலீனில் நூற்றுக்கு நாற்பது பங்கு காற்றில் இருக்கும். அரை சதவீதம் கரிமக் கார்பன் உள்ள ஈரக் களியில் அதே கணக்கைப் போட்டால் காற்றில் இருப்பது ஏழு பங்குதான். இரண்டு மண்ணிலும் கேனிஸ்டர் ஒரே எண்ணைக் காட்டலாம். களிக்குள் கிடக்கும் சரக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம்.

பரப்புக் கவர்தல் என்று பாடப் புத்தகம் சொல்வது இதில் ஒரு பகுதி. மூலக்கூறு துகளுக்குள் புகுந்து கரையாமல் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதுதான் அது. ஒட்ட இடம் வேண்டும், களியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கரிசலுக்கு அதன் குணத்தைக் கொடுக்கும் ஸ்மெக்டைட் வகைக் களிமத்தில் ஒரு கிராமுக்கு 600 முதல் 800 சதுர மீட்டர் பரப்பு உண்டு. சிட்டிகை மண்ணுக்குள் ஐந்தாறு கபடி ஆடுகளங்கள் மடித்து வைத்திருப்பது போல. கயோலினைட் களிக்கு ஒரு கிராமுக்குப் பத்து, இருபது சதுர மீட்டர் தேறினால் அதிகம். மணலுக்கு ஒன்றுகூடத் தேறாது.

இதைக் கேட்டதும் புதியவர்கள் ஒரு முடிவுக்குத் தாவிவிடுவார்கள்: களி அதிகமென்றால் பிடிப்பும் அதிகம். இந்த இடத்தில் தண்ணீர் குறுக்கே வரும். கேரி சியூ என்ற வேதியியலாளர் 1985-இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். ஓரிகன் மாநிலத்து மண்ணை எடுத்து, பென்சீன் முதலிய ஆவிகளைக் காய்ந்த நிலையிலும் ஈரமான நிலையிலும் செலுத்திப் பார்த்திருந்தார்கள். காய்ந்த மண் ஆவியை வாரி வாரி இழுத்துக்கொண்டது. காற்றின் ஈரப்பதம் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டபோது அந்தப் பிடிப்பு ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. களிமத்தின் மேற்பரப்புக்கு மின்முனைவுள்ள நீர் மூலக்கூறுதான் முதல் தேர்வு. அது வந்ததும் பென்சீனுக்கு இடமில்லை. மீதமிருக்கும் பிடிப்பு மண்ணில் கலந்திருக்கும் மக்கிய கரிமப் பொருளுடையது.

இதையே வேறு வழியில் முன்பே கண்டவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் வில்லியம் ஸ்பென்சரும் சகாக்களும் 1969 வாக்கில் டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தைக் கலந்த மண்ணை ஆராய்ந்தார்கள். மண் காய்ந்திருக்கும்போது மருந்தின் ஆவி மிகக் குறைவு. சிறிது ஈரம் சேர்ந்ததும் கிடுகிடுவென ஏறியது. இதே வேதியியலை வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்கள் உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இருக்கிறார்கள். கோடையில் காய்ந்த களிமண்ணைச் செப்புக் கொப்பரையில் போட்டு நீராவியில் வடித்து, சந்தன எண்ணெயில் பிடித்து, 'மிட்டி அத்தர்' என்று விற்பவர்கள். வறண்ட களி காற்றிலிருந்து சேர்த்து வைத்ததை நீராவி பெயர்த்துக் கொண்டுவருகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பேர், தாமஸ் இருவரும் 1964-இல் மழைவாசனையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த வாசனைத் தொழிலையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். மண்காற்று எடுக்கப் போகும் ஆளுக்கு அத்தர் வியாபாரியின் அறிவு கொஞ்சம் இருப்பது நல்லது என்று அவர் சொல்வதுண்டு.

ஆனால் ஆய்வகத்தில் காய வைத்த மண்ணின் எண்ணை வயலுக்குக் கொண்டுவரக் கூடாது. பயிர் வாடிச் சாகும் அளவுக்கு வறண்ட மண்ணிலும் துளைக் காற்றின் ஈரப்பதம் 98, 99 சதவீதம் இருக்கும். உண்மையான உலர்ச்சி என்பது மேல்மட்டத்துச் சில அங்குலங்களில், பாலைவனத்தில், அல்லது மனிதன் சூடேற்றி உறிஞ்சிய இடத்தில் மட்டும். அதற்குக் கீழே ஆவியின் போக்கை நிர்ணயிப்பது களி எத்தனை சதவீதம் என்பதைவிட, அந்தக் களி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது.

ஆய்வக அறிக்கையில் மணல், வண்டல், களி விகிதம் தவறாமல் இருக்கும். அது மண்ணின் நயம். அந்தத் துகள்கள் பொரபொரவென்று உருண்டிருக்கின்றனவா, கட்டி கட்டியாகப் பிளந்திருக்கின்றனவா, தகடாகப் படிந்திருக்கின்றனவா என்பது கட்டமைப்பு. அது சல்லடையில் போட்டு அரித்ததும் காணாமல் போய்விடும். நயம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு மண் ஆவியை இரண்டு விதமாக நடத்தலாம்.

மில்லிங்டன், குவர்க் என்ற இருவர் 1961-இல் கொடுத்த வாய்ப்பாடு இன்றும் இந்தத் தொழிலின் கணிப்பொறிக் கணக்குகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்றுள்ள துளை எவ்வளவு, மொத்தத் துளை எவ்வளவு என்ற இரண்டு எண்ணிலிருந்து ஆவி பரவும் வேகத்தை அது தரும். காய்ந்த மணலில் அந்த வேகம் திறந்த வெளியில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. நனைந்து இறுகிய களியில், காற்றுக்கு ஐந்து சதவீத இடமே மிஞ்சியிருக்கும்போது, நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வாய்ப்பாட்டில் அவருக்கு ஒரு குறை உண்டு. அதற்கு விரிசல் தெரியாது.

கரிசல்காட்டுக்காரருக்கு விரிசலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசியில் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும் நிலம், ஐப்பசி மழையில் ஊறி வாய் மூடிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர். கலிபோர்னியாவில் 'அடோபி' என்று அழைக்கும் கருங்களியும் அதே சாதி. கோடையில் எடுத்த மண்காற்றும் மழைக்காலத்தில் எடுத்த மண்காற்றும் ஒத்துப்போகாதபோது மற்றவர்கள் ஆய்வகத்தைச் சந்தேகப்படுவார்கள், அவர் தரையைப் பார்ப்பார். விரிசல் திறந்திருந்தால் ஆவி கட்டிகளின் உட்புறத்தைத் தொடாமல் குறுக்கு வழியில் மேலே வந்துவிடும். மூடியிருந்தால் பக்கவாட்டில் போய், உலர்ந்திருக்கும் இடத்தைத் தேடும். கட்டடத்தின் அடியில்தான் மழை விழாத மண் இருக்கிறது. சாக்கடைக் குழாயைச் சுற்றிச் சரளை நிரப்பிய பள்ளமும் அங்கேதான் போய் முடிகிறது. அரை அங்குல மழை பெய்தால் ஐந்து நாள் கழித்தே மண்காற்று எடுக்க வேண்டும் என்று கலிபோர்னியாவின் வழிகாட்டி நெறி சொல்கிறது. விரிகிற களியில் ஐந்து நாள் போதாது என்பது அவருடைய கட்சி.

மண்காற்றுக் குழல் இறக்கிய துளையை அடைக்கப் பயன்படும் பென்டனைட்டும் ஸ்மெக்டைட்தான். அதைத் தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிடாமல் அப்படியே கொட்டி மூடும் அவசரக்காரர்கள் உண்டு. ஊறாத பென்டனைட் அடைக்கவும் செய்யாது, வருகிற ஆவியில் ஒரு பங்கைத் தானே பிடித்துக்கொள்ளவும் செய்யும்.

கட்டமைப்பின் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோரை உடைக்க வேண்டும். அண்மையில் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்த பொறியாளர் பெண் ஒருத்திக்கு அவர் செய்து காட்டியது இது. குழாயிலிருந்து வழுவழுப்பான சாம்பல் களி வெளியே வந்தது. ஆவியை மோப்பம் பிடிக்கும் ஒளி அயனியாக்கக் கருவியை அதன் மேல் நகர்த்தினாள், எண் அசையவில்லை.

"ஒண்ணுமே இல்லைங்க சார். சுத்தமா இருக்குதுங்க."

"அந்தத் துண்டைப் பையில போட்டு நல்லா பிசைஞ்சு, வாயைக் கட்டி வெயில்ல வையும்மா. காப்பி குடிச்சிட்டு வருவோம்."

திரும்பி வந்து பைக்குள் கருவியைச் செருகியபோது எண் நூற்றைத் தாண்டிப் போனது.

"அப்போ இத்தனை நேரம் இது எங்கீங்க சார் இருந்துச்சு?"

"கட்டிக்குள்ளதான். நீ உடைக்காம அது ஏன் வெளிய வரப்போகுது?"

இதே காரணத்தால்தான் பழைய ஆய்வு அறிக்கைகள் பலவற்றை அவர் ஒதுக்கி வைக்கிறார். ஒரு காலத்தில் மண்ணை அள்ளிக் கண்ணாடிச் சாடியில் போட்டு, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். அள்ளும்போது கட்டி உடையும், ஆவி பறக்கும். சாடியின் மேல்பகுதியில் தேங்கியது ஆய்வகத்தில் மூடியைத் திறக்கும்போது போய்விடும். மிஞ்சியதை அளந்து, மனை சுத்தம் என்று கையெழுத்துப் போட்டார்கள். 1990களின் பின்பாதியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 5035 என்ற எண்ணுள்ள முறையைக் கொண்டுவந்தது. மண்ணை உடைக்காமல், சிறு உருளையால் ஐந்து கிராம் அளவுக்குக் குத்தி எடுத்து, காற்றுப் புகாமல் அடைத்து அனுப்ப வேண்டும், அல்லது அந்த இடத்திலேயே மெத்தனாலில் போட்டுவிட வேண்டும். மெத்தனால் கட்டிக்குள் புகுந்து ஆவியைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். முறை மாறியதும் அதே மனைகளில் எண்கள் உயர்ந்தன. மாசு கூடிவிட்டதாகச் சில உரிமையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

கட்டி எத்தனை காலம் பிடித்து வைக்கும்? இதற்கு அவர் கனெக்டிகட் மாநிலத்துப் புகையிலை வயல்களைக் காட்டுவார். எத்திலீன் டைபுரோமைடு என்ற புகையூட்டி மருந்தை அங்கே மண்ணில் செலுத்தி வந்தார்கள். எளிதில் ஆவியாகும், தண்ணீரில் கரையும், மண்ணில் அதிகம் ஒட்டாது. சில வாரங்களில் போய்விடும் என்று எல்லாக் கணக்கும் சொன்னது. ஸ்டைன்பெர்க், பிக்னடெல்லோ, சானி ஆகிய மூவர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், கடைசியாக மருந்து போட்டு 19 ஆண்டுகள் ஆன வயலிலும் அது கிடந்தது. புதிதாகச் சேர்த்த மருந்து மண்ணிலிருந்து சுலபமாக வெளியேறியது, பழையது அசையவில்லை. மண்ணைப் பொடியாக அரைத்தபோதுதான் பழையது வெளிவந்தது. துகளுக்குள் இருக்கும் நுண்துளைகளில் அது சிக்கிக் கிடந்திருக்கிறது என்பது அவர்களுடைய முடிவு. இந்தத் துறையில் தனக்குப் பிடித்த ஒரே கட்டுரை என்று அவர் இதைச் சொல்வார். மற்றவை வேலைக்காகப் படித்தவை.

ஆவி நடுவிலிருந்து வெளியே வர எடுக்கும் காலம் கட்டி அளவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒரு மில்லிமீட்டர் மண் உருண்டையிலிருந்து வெளியேற ஒரு நாளென்றால், ஒரு சென்டிமீட்டர் கட்டியிலிருந்து நூறு நாள். தடித்த களி அடுக்குக்கு இதை நீட்டிப் பார்த்தால் ஆண்டுகள், தலைமுறைகள் என்று போகும்.

சுத்திகரிப்பு வேலையில் பணம் கரைவது இந்த வர்க்கக் கணக்கில்தான். துளைக்கிணறுகளில் வெற்றிடம் கொடுத்து மண்காற்றை உறிஞ்சி, செயலூட்டிய கரி நிரப்பிய பீப்பாய் வழியாக விடுவார்கள். (அந்தக் கரியில் தேங்காய்ச் சிரட்டைக் கரி நிறைய உண்டு, தமிழ்நாட்டிலிருந்தும் அது ஏற்றுமதியாகிறது. கரிக்கு முன்னால் ஈரத்தைப் பிரிக்கும் கலம் ஒன்று கட்டாயம். கரியிலும் தண்ணீர் அதே வேலையைத்தான் செய்யும்.) முதல் சில வாரங்கள் கரைப்பான் கொட்டோ கொட்டென்று வரும். எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். பிறகு வளைகோடு சரிந்து தரையோடு தரையாக ஓடும். வாடிக்கையாளர் கோப்பை மூடச் சொல்வார். பம்பை நிறுத்திச் சில மாதம் காத்திருந்து பார்க்க வேண்டும் என்பார் இவர். காத்திருந்தால் எண் மீண்டும் ஏறும். உறிஞ்சிய காற்றெல்லாம் மணல் அடுக்கு வழியாக ஓடியிருக்கிறது, களி அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. பம்பு நின்றதும் களி தன்னிடம் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக மணலுக்குக் கொடுக்கிறது.

அந்த நிலையில் கட்டமைப்பையே மாற்றுவதுதான் வழி. மண்ணில் மின்முனைகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மணலைவிட ஈரக் களி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் கரைப்பான் ஒளிந்திருக்கும் இடமே முதலில் சூடாகிறது. டிரைகுளோரோஎத்திலீனின் கொதிநிலை 87 டிகிரி. தண்ணீரோடு சேர்ந்திருக்கும்போது 73 டிகிரியிலேயே இரண்டும் கொதிக்கத் தொடங்கும். களிக்குள் நீராவி எழுந்து வெளியே தள்ளும், களி உலர்ந்து பிளக்கும், ஆவிக்குப் பாதை பிறக்கும். மின்கட்டணம் மட்டும் வயிற்றைக் கலக்கும்.

2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தபோது, அந்தப் பக்கம் குடியிருந்த பள்ளித்தோழனின் தம்பி அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, தண்ணியெல்லாம் பெட்ரோல் நாத்தம். இந்த மண்ணு எப்ப சரியாகும்?"

"போர் போட்டப்ப என்ன மண்ணு வந்துச்சுன்னு யாராவது எழுதி வச்சிருக்காங்களாடே?"

"அதையெல்லாம் எவன் எழுதுதான்?"

முழுக்க மணல் என்றால் ஆவி சீக்கிரம் பரவும், காற்றோட்டம் கொடுத்தால் சீக்கிரம் போகவும் போகும், இடையில் களி அடுக்கு இருந்தால் நாற்றம் நின்ற பிறகும் சரக்கு உள்ளே இருக்கும், அதற்குமேல் போனில் சொல்ல முடியாது என்று அவர் சொன்னார். அவனுக்கு அது திருப்தியாக இல்லை.

இப்போது அவர் எழுதும் ஒவ்வொரு திட்ட மதிப்பீட்டிலும் 'மண் இயல்புச் சோதனை' என்று ஒரு வரி வரும். கலைக்காத கோரில் ஈரம், அடர்த்தி, துளை அளவு, கரிமக் கார்பன் நான்கையும் பார்ப்பது. கேனிஸ்டர் சோதனைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் பெரிய தொகையில்லை. ஆனாலும் செலவைக் குறைக்க உட்காரும் வாடிக்கையாளரின் பேனா முதலில் அடிப்பது அந்த வரியைத்தான், ஏனென்றால் அதில் மாசின் பெயர் எதுவும் இல்லை. பல ஆண்டுகள் வாதாடிப் பார்த்துவிட்டு, அவர் அதைத் தனி வரியாக எழுதுவதை நிறுத்திவிட்டார். 'துளையிடுதலும் மண் இயல்புச் சோதனையும்' என்று ஒரே வரி, ஒரே தொகை. கோயம்புத்தூர்ப் பெண்ணும் இப்போது அப்படித்தான் எழுதுகிறாள்.